ரோஸ்டரை மூடிவிட்டு ஒரு சுற்றில் கூடவே நடங்கள்

கேள்வி: நடுத்தர அளவிலான ஓர் அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஐந்து மாதமாகத் தன்னார்வ வழிகாட்டிகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பும் என்னிடம் வந்திருக்கிறது. பட்டியலில் 34 பேர் இருக்கிறார்கள், ஒழுங்காக வருவது 17 பேர்தான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வழிகாட்டியோடு காட்சிக்கூடத்தைச் சுற்றிப் பார்க்க தினம் ஆறு சுற்றுகள் என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கிறோம். வாரம் தவறாமல் யாராவது கடைசி நேரத்தில் ‘இன்று வர முடியவில்லை’ என்று வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். நான் குழுவில் கெஞ்சுகிறேன், யாரும் பதில் சொல்வதில்லை. 15 வருடமாக இருக்கும் ஒரு பெரியவர் 45 நிமிடச் சுற்றை ஒன்றரை மணி நேரம் இழுக்கிறார். அவர் சொல்லும் கதைகளில் சில தவறு என்று காப்பாட்சியர் என்னிடம் வருத்தப்படுகிறார். போன முறை பயிற்சி முடித்த ஒன்பது பேரில் ஐந்து பேர் மூன்றே மாதத்தில் நின்றுவிட்டார்கள். சம்பளம் கொடுக்காதவர்களை எப்படிக் கண்டிப்பது?

பதில்:

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ரோஸ்டர், அதாவது யார் எப்போது வருவார் என்ற பணிப்பட்டியல், இருக்கிறது, வாட்ஸ்அப் குழு இருக்கிறது, காப்பாட்சியரின் வருத்தம் இருக்கிறது, உங்கள் களைப்பும் நன்றாகவே தெரிகிறது. ஆனால் சுற்று எப்படி நடக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. அந்தப் பெரியவர் தவறாகச் சொல்கிறார் என்பதையும் காப்பாட்சியர் சொல்லித்தான் கேட்டிருக்கிறீர்கள். இந்த ஐந்து மாதத்தில் எத்தனை சுற்றுகளில் கூட நடந்திருக்கிறீர்கள்? ஒன்றோ இரண்டோ என்றுதான் நினைக்கிறேன். அதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை, நானும் முதல் வருடம் முழுக்க மேசையிலேயே உட்கார்ந்து இந்த வேலையைப் பார்த்தவள்தான். ஆனால் நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் கண்டிப்பது பற்றி. ஒருவர் சனிக்கிழமை காலையில் வீட்டு வேலையை விட்டுவிட்டு, சொந்தக் காசில் பஸ் ஏறி வந்து, முன்பின் தெரியாத பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு காட்சிக்கூடம் முழுக்க நடந்து பேசிவிட்டுப் போகிறார். போகும்போது அடையாள அட்டையை மேசையில் வைக்கிறார், யாரோ தலையாட்டுகிறார்கள், அவ்வளவுதான். அவர் நன்றாகப் பேசினாரா, சொதப்பினாரா என்று அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. இப்படி இருபது வாரம் போனால், இருபத்தோராவது வாரம் லேசான தலைவலி வந்தாலே அவர் படுத்துக்கொள்வார். தான் வந்தாலும் வராவிட்டாலும் அங்கே ஒன்றும் மாறாது என்று அவருக்குத் தோன்றிவிடுகிறது. சம்பளம் வாங்குபவருக்குச் சம்பளமாவது அந்தக் கணக்கை நேர் செய்யும். இவருக்கு நீங்கள் பார்ப்பது ஒன்றுதான் இருக்கிறது.

அதனால் அடுத்த நான்கு வாரம் ரோஸ்டரில் மாற்றம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு வார இறுதியிலும் மூன்று நான்கு சுற்றுகளில் கூட நடங்கள். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், திடீரென்று போய் நின்றால் பரீட்சை மாதிரி ஆகிவிடும். கூட்டத்தின் வாலில் நில்லுங்கள், முன்னால் வேண்டாம். வழிகாட்டி பேசுவது எவ்வளவு தூரம் கேட்கிறது என்பது வாலில் நின்றால்தான் தெரியும். கையில் குறிப்பேடு எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அதைப் பார்த்ததும் பேசுபவருக்கு நாக்கு உலர்ந்துவிடும். பார்க்க வேண்டியது வழிகாட்டியை விட பார்வையாளர்களைத்தான். எந்த இடத்தில் ஆட்கள் கால் மாற்றி நிற்கிறார்கள், எங்கே போனை எடுக்கிறார்கள், எங்கே ஒருவர் பக்கத்திலிருப்பவரிடம் கிசுகிசுவென்று ஏதோ காட்டுகிறார், எந்தக் குழந்தை கேட்ட கேள்வி காதில் விழாமலே போனது, இவையெல்லாம்.

சுற்று முடிந்த அன்றே, கிளம்புவதற்குள், இரண்டு நிமிடம் பேசுங்கள். ‘ரொம்ப நன்றாக இருந்தது’ என்று மட்டும் சொல்லாதீர்கள், அதைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்குப் புளித்திருக்கும். நீங்கள் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள். ‘அந்த உடைந்த ஜாடி முன்னால் நீங்கள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் நின்றீர்களே, அப்போதுதான் பின்னால் இருந்த இரண்டு பேர் முன்னால் வந்து குனிந்து பார்த்தார்கள்.’ இப்படி ஒரு வாக்கியம் போதும். திருத்தம் இருந்தால் அதுவும் ஒன்றே ஒன்று. இரண்டாவது திருத்தம் அடுத்த மாதத்துக்கு.

நான்கு வாரம் இதைச் செய்தபின் ரோஸ்டருக்கு வாருங்கள். அங்கே ஒரு கணக்கு இருக்கிறது, அதை நீங்கள் போட்டுப் பார்க்கவில்லை. தினம் ஆறு சுற்று, வாரத்துக்கு இரண்டு நாள், மாதத்துக்கு நான்கு வாரம் என்றால் 48 சுற்றுகள். ஒழுங்காக வருபவர்கள் 17 பேர். பெரும்பாலானவர்கள் மாதம் இரண்டு தடவைக்கு மேல் சலிக்காமல் வரமாட்டார்கள், அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் சரியில்லை. ஆக உங்களிடம் இருப்பது 34 சுற்றுகளுக்கான ஆள். மீதி 14 சுற்றுகளையும் நான்கைந்து பேரின் நல்ல மனசை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். கடைசி நேரத்தில் வர முடியவில்லை என்று போடுபவர்களில் பாதிப் பேர் அந்த நான்கைந்து பேராகவே இருக்கலாம், பழைய செய்திகளைத் திரும்பிப் பாருங்கள். இது ஒழுங்குப் பிரச்சினை இல்லை.

சுற்றுகளைக் குறையுங்கள். நாளுக்கு மூன்று போதும். மாதத்துக்கு 24 ஆகும். ஒவ்வொரு நாளும் ஒரு மாற்று ஆள், அதாவது வீட்டில் இருந்தாலும் அழைத்தால் ஒரு மணி நேரத்தில் வரக்கூடியவர், அதற்கு 8. மொத்தம் 32. உங்கள் 34க்குள் அடங்கிவிட்டது. நிர்வாகத்தில் முகம் சுளிப்பார்கள், ஆறு மூன்றானால் எண்ணிக்கை குறைந்ததாகத் தெரியும் என்பார்கள். போன மூன்று மாதத்தில் அறிவித்து நடக்காமல் போன சுற்றுகளை எண்ணி எடுத்துக்கொண்டு போங்கள். வாசலில் எழுதியதை நம்பி வந்து நின்று திரும்பிப் போன குடும்பத்துக்கு அந்த அருங்காட்சியகம் வாக்குத் தவறியிருக்கிறது. நடத்த முடிந்ததை மட்டும் எழுதிப் போடுவதுதான் மரியாதை.

அந்த மீதி 17 பெயர்களையும் அப்படியே விட்டுவைக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் போன் செய்யுங்கள், செய்தி அனுப்ப வேண்டாம். தொடர்கிறார்களா, ஆறு மாத ஓய்வு வேண்டுமா, நிறுத்திக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். நிறையப் பேர் விலகிவிட்டதைச் சொல்லக் கூச்சப்பட்டே பட்டியலில் இருப்பார்கள். நிறுத்திக்கொள்பவர்களைப் புதுக் கண்காட்சித் திறப்புக்கு அழைத்துக்கொண்டே இருங்கள், பல வருடம் கொடுத்தவர்கள் அவர்கள். இந்தப் போன் வேலை ஒரு வாரம் பிடிக்கும். செய்து முடித்தால் மனசு எவ்வளவு லேசாகும் என்பது எனக்குத் தெரியும்.

குழுவில் ‘யாராவது வர முடியுமா’ என்று போடுவதை இன்றே நிறுத்துங்கள். முப்பது பேர் படிக்கும் செய்திக்கு வேறு யாராவது பதில் சொல்வார்கள் என்று முப்பது பேரும் நினைப்பார்கள். மாற்று ஆள் யார் என்று முன்னாலேயே எழுதியிருந்தால், வர முடியாதவர் முதலில் அவரை அழைக்க வேண்டும், அப்புறம் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அது அவர்கள் இருவருக்கும் இடையில் முடிகிற காரியமாகட்டும். மூன்று நாள் முன்னால் நினைவூட்டி, ‘சரி’ என்று பதில் வாங்குங்கள். பணி ஓய்வு பெற்றவர்களுக்கு ‘மாதத்தின் இரண்டாவது சனி காலை’ என்று நிலையான நேரம் பிடிக்கும், மாணவர்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் மாதாமாதம் தேதி எடுத்துக்கொள்வது வசதி. இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், ஒரே விதியை எல்லோர் தலையிலும் கட்ட வேண்டியதில்லை.

இனி அந்தப் பெரியவர்.

இதில் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் முதலில் வேலை பார்த்த அருங்காட்சியகத்திலும் இப்படி ஒருவர் இருந்தார். அழகாகப் பேசுவார், குழந்தைகள் அவரை விட்டு நகரமாட்டார்கள். ஒரு வாளைப் பற்றி அவர் சொன்ன கதை முழுக்கத் தவறு. வேறொரு வாளின் கதை எப்படியோ இதில் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியும். வயதில் மூத்தவர், மனம் நோகுமே என்று இரண்டு வருடம் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் அந்தத் துறை தெரிந்த பார்வையாளர் ஒருவர் மேலிடத்துக்கு எழுதிவிட்டார். எல்லா வழிகாட்டிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை போனது, அவர் பெயர் அதில் இல்லை, ஆனால் அந்த வாளின் பெயர் இருந்தது. எல்லோருக்கும் புரிந்தது. அவர் என் அறைக்கு வந்து, ‘தப்புன்னு தெரிஞ்சும் ரெண்டு வருஷமா ஏம்மா எங்கிட்ட சொல்லலை?’ என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. அதற்கப்புறம் அவர் வரவில்லை. நாம் மரியாதை என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருப்பது, அவரைத் திருத்திக்கொள்ளத் தெரியாதவர் என்று முடிவு கட்டுவதுதான் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

நீங்கள் அவருடன் பேசுங்கள். தனியாக, உட்கார்ந்து, சுற்று இல்லாத ஒரு நாளில். ‘ஐயா, இந்தக் கதையை எங்கே படித்தீர்கள்?’ என்று ஆரம்பியுங்கள், கொக்கி போட்டு அல்ல, உண்மையிலேயே தெரிந்துகொள்ள. 15 வருடத்துக்கு முன்னால் அவருக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததாகவே அது இருக்கலாம், பழைய பெயர்ப்பலகையில் அப்படி எழுதியிருந்திருக்கலாம். அப்படியானால் பிழை அருங்காட்சியகத்துடையது, அதை அவரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். காப்பாட்சியரையும் கூட்டி வாருங்கள். உங்கள் வழியாக வருத்தப்பட்டுக்கொண்டிருப்பதை விட, அவரே ஆதாரத்தை எடுத்து வைத்து அரைமணி நேரம் பேசினால் காரியம் நடக்கும். எல்லா வழிகாட்டிகளுக்கும் ஒரு பழக்கம் கொண்டு வாருங்கள்: உறுதியாகத் தெரிந்தது, ஆய்வாளர்கள் கருதுவது, மக்கள் சொல்லிவருவது, மூன்றையும் பேச்சில் பிரித்துச் சொல்வது. ‘இப்படி ஒரு கதை சொல்வார்கள், ஆதாரம் கிடைக்கவில்லை’ என்று சொன்னால் கதையும் உயிரோடு இருக்கும், உண்மையும் கெடாது. நல்ல கதைசொல்லிகள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

நேரம் வேறு விஷயம். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் என்றொருவர் இருந்தார். 1907இல் அங்கே பார்வையாளர்களோடு காட்சிப்பொருள் முன்னால் நின்று பேசும் ஏற்பாட்டைக் கொண்டுவந்து, அப்படிப் பேசுபவருக்கு ‘டோசென்ட்’ என்ற பெயரை வழக்கத்துக்குக் கொண்டு வந்தவர். கற்பிப்பது என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் இருந்து வந்த பெயர் அது. அதே கில்மன்தான் 1916இல் அருங்காட்சியகச் சோர்வு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பொருட்களைப் பார்க்க ஒருவர் எப்படியெல்லாம் குனிந்து, வளைந்து, எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று படம் பிடித்தே காட்டினார். வழிகாட்டியை உள்ளே கொண்டுவந்தவரேதான் பார்வையாளரின் முதுகையும் கழுத்தையும் கவனித்தவர். ஒன்றரை மணி நேரம் நிற்கவைப்பது அறிவைக் கூடுதலாகத் தருவதில்லை. நாற்பதாவது நிமிடத்துக்கு மேல் கேட்பது காது இல்லை, பொறுமைதான். அதைப் பெரியவரிடம் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். வேறொரு வழிகாட்டியின் சுற்றில் அவரையே வாலில் நிற்கச் சொல்லுங்கள், பத்தாவது நிமிடத்திலேயே அவர் கால் சொல்லிவிடும்.

45 நிமிடத்துக்கு ஐந்து அல்லது ஆறு பொருட்கள்தான். எதை விடுவது என்று அவரோடு சேர்ந்து தேர்ந்தெடுங்கள், விடுவதுதான் வலிக்கும் இடம், அங்கே அவரைத் தனியாக விடாதீர்கள். விருப்பப்பட்டு வருபவர்களுக்கு மாதம் ஒரு நீண்ட சுற்று, நாற்காலியோடு, என்று அவருக்குக் கொடுக்கலாம். ஆனால் பழைய கதைகளைத் திருத்திக்கொண்ட பிறகு. அதற்கு முன்னால் புதியவர்களுக்குப் பயிற்சி தர அவரை நியமிக்காதீர்கள். கௌரவமாக இருக்கும் என்று பலர் செய்வது இது, பிழையும் சேர்ந்து ஒன்பது பேருக்குப் போய்விடும். தெளிவாக இரண்டு தடவை பேசிய பிறகும் மாறவில்லை என்றால் சுற்றில் இருந்து விலகச் சொல்லத்தான் வேண்டும். பார்வையாளர் அவர் சொல்வதை அருங்காட்சியகம் சொல்வதாகத்தான் கேட்டுக்கொள்கிறார்.

நின்றுவிட்ட ஐந்து பேர் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, பயிற்சிக்கும் முதல் சுற்றுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. பத்து வாரம் விரிவுரை கேட்டுவிட்டு, பதினோராவது வாரம் முழுச் சுற்றையும் தனியாக நடத்து என்றால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். என் வழக்கம் இது: முதல் மாதம் மூன்று வழிகாட்டிகளின் சுற்றுகளில் கூட நடக்க வேண்டும், ஒரே ஆளைப் பின்தொடர்ந்தால் அவருடைய நகலாகிவிடுவார்கள். இரண்டாவது மாதம் ஒரே ஒரு பொருள். அதன் பக்கத்தில் நின்று, வருபவர்களிடம் ஐந்து நிமிடம் பேசுவது, ஒரு மதியத்தில் இருபது தடவை. அந்த இருபது தடவையில் கற்பது விரிவுரையில் கிடைக்காது, எந்த வாக்கியத்தில் முகம் மலர்கிறது என்று உடம்புக்கே தெரிந்துவிடும். அப்புறம் இன்னொருவரின் சுற்றில் இரண்டு நிறுத்தங்கள். அதற்கும் அப்புறம்தான் முழுச் சுற்று, அன்று நீங்கள் வாலில் இருக்க வேண்டும்.

பயிற்சியில் தகவலைப் பாதியாகக் குறைத்து, கேட்கும் பழக்கத்தைச் சேருங்கள். அபிகெய்ல் ஹவுசனும் ஃபிலிப் யெனவைனும் உருவாக்கிய ஒரு முறையில் மூன்றே கேள்விகள்: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள், இன்னும் என்ன தெரிகிறது. ஓவியத்துக்காக வந்த முறை, எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது. ஒரு நாணயத்தின் முன் முதல் கேள்வி பெரிதாக உதவாது. ஆனால் ‘எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்’ என்ற இரண்டாவது கேள்வி எங்கும் வேலை செய்யும், அது ஆளை மறுபடி பொருளைப் பார்க்க வைக்கிறது. கேட்டுவிட்டுக் காத்திருக்கவும் சொல்லிக்கொடுங்கள். 1970களில் மேரி பட் ரோ வகுப்பறைகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறக்குறைய ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். புது வழிகாட்டிக்கு அந்த மூன்று நொடி யுகமாகத் தெரியும், மனதுக்குள் எண்ணிப் பழகச் சொல்லுங்கள். ‘தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன்’ என்று சொல்லவும் பழக்குங்கள். நின்றுவிட்டவர்களில் சிலர் விடை தெரியாத கேள்வி வந்துவிடுமோ என்று பயந்தே நின்றிருப்பார்கள். ஐந்து பேரையும் கூப்பிட்டுக் கேளுங்கள், ஒருவராவது திரும்பி வருவார்.

சில சின்ன விஷயங்களையும் எழுதிவிடுகிறேன். பள்ளிக் குழந்தைகளோடு தன்னார்வலரைத் தனியாக விடக் கூடாது, ஆசிரியர் கூடவே இருக்க வேண்டும், இதில் விதிவிலக்கு வேண்டாம். அவசர வழி எது, யாராவது மயங்கி விழுந்தால் யாரை அழைப்பது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். போக்குவரத்துச் செலவைக் கொடுக்க நிர்வாகத்திடம் போராடுங்கள். அது இல்லாதபோது நேரமும் பணமும் இருப்பவர்கள் மட்டும்தான் உங்கள் பட்டியலில் சேர முடியும்.

இந்தக் கடைசி விஷயம் பெரியது. சிகாகோ கலை நிறுவனத்தில் 2021இல் பல வருடம் ஊதியமின்றி உழைத்த வழிகாட்டிகளின் திட்டத்தையே முடித்துக்கொள்வதாக அவர்களுக்குக் கடிதம் போனது. சம்பளம் பெறும் கல்வியாளர்களைக் கொண்டு, பல பின்னணிகளில் இருந்து வருபவர்களுக்கும் இடம் தருவது நிர்வாகம் சொன்ன நோக்கம். அந்த நோக்கத்தில் எனக்கு மறுப்பு இல்லை. வார நாட்களில் வரிசையாக வரும் பள்ளிக் குழுக்களை நடத்துவது சம்பளத்துக்குரிய வேலை, அதைத் தன்னார்வலர்கள் தலையில் வைத்தால் நீங்களும் ஒரு நாள் அந்த இடத்துக்கு வருவீர்கள். ஆனால் அத்தனை வருடம் கொடுத்தவர்களுக்கு ஒரு கடிதத்தில் முடித்தது மனதை உறுத்துகிறது. எந்த மாற்றமானாலும் உங்கள் வழிகாட்டிகளைக் கூட்டி, நேரில், முதலில் அவர்களிடம் சொல்லுங்கள். சுற்றுகளை மூன்றாக்குவதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வரும் சனிக்கிழமை அந்தப் பெரியவரின் சுற்றிலேயே ஆரம்பியுங்கள். ஒன்றரை மணி நேரமானாலும் முழுக்க நில்லுங்கள். 15 வருடமாக மக்கள் அவர் பின்னால் போவதற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கிறது, அது எந்தப் பொருளின் முன்னால் என்று கண்டுபிடியுங்கள். முடிந்ததும் அந்தப் பொருளைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்றை அவரிடம் கேளுங்கள். திருத்தம் பேசுவது அடுத்த வாரம்.